தண்ணி ஓரத்து பழைய படகு யார்டுல மண்ண சுத்தம் பண்ணுன சர்வீஸ்: அஞ்சுக்கு மூணரை

மொதல்லயே சொல்லிடுறேன், கம்பெனி பேரு இங்க போட மாட்டேன். பயந்துகிட்டு இல்ல. இந்த வேலைக்குள்ள எறங்குன பெறகுதான் எனக்கு தெரிஞ்சது, ஒரே கம்பெனிக்குள்ள ஓட்ட போட்டு சாம்பிள் எடுக்குற டீம் ஒண்ணு, தோண்டுற டீம் ஒண்ணு, தண்ணிய பாத்துக்குற டீம் ஒண்ணு, ரிப்போர்ட் எழுதுற ஆபீஸ் ஒண்ணுன்னு நாலு பேரு நாலு விதமா இருக்காங்க. நாம காசு குடுக்குறது ஒரு பேருக்கு, கெடைக்கிறது நாலு சர்வீஸ். அதுனால மார்க்கும் பிரிச்சுதான் போட்டிருக்கேன். சாம்பிள் டீமுக்கு அஞ்சுக்கு அஞ்சு, தோண்டுனவங்களுக்கு மூணு, தண்ணி டீமுக்கு ரெண்டு, ரிப்போர்ட் ஆபீசுக்கு நாலு. கூட்டி நாலால வகுத்தா மூணரை.

எடத்த பத்தி கொஞ்சம் சொல்லணும், இல்லன்னா மத்தது புரியாது. ஒரு ஏக்கருக்கு கொஞ்சம் கம்மியான படகு ரிப்பேர் யார்டு, ஒரு பக்கம் முழுக்க ஆத்துத் தண்ணி, கடலோட ஏத்தம் வத்தம் உண்டு. நாப்பது வருஷத்துக்கு மேல ஓடுன எடம். படகு மேல ஏத்துற சாய்தளம், படகு அடியில சிப்பி மாதிரி ஒட்டுன கொட்டலச சுரண்டுற எடம், பழைய பெயிண்ட்ட மணலடிச்சு எடுக்குற ஷெட்டு, டீசல் டேங்க், பெயிண்ட் ரூம், அவ்ளோதான். பாக்க ஒண்ணும் பயங்கரமா இருக்காது, புல்லு கூட மொளைச்சிருந்தது. ஆனா சுரண்டி விழுந்த பெயிண்ட்டுல ஈயம் இருக்கு, தாமிரம் இருக்கு, பழைய படகா இருந்தா டிபிடின்னு சொல்ற ட்ரைபியூட்டைல் டின் இருக்கு. இந்த டிபிடி படகு அடியில எதுவும் ஒட்டாம இருக்க போட்ட சாமான், ஆனா கடல் நத்தைங்கள்ல பொண்ணுக்கு ஆண் உறுப்பு மொளைக்கிற அளவுக்கு வேலைய காட்டுச்சு, ஃபிரான்ஸ்ல 1982லயே சின்ன படகுக்கு தட பண்ணிட்டாங்க, உலகம் முழுக்க கப்பலுக்கு தட அமலுக்கு வந்தது 2008 செப்டம்பர்ல. அதுக்கு முன்னாடி அடிச்சது எல்லாம் இன்னும் இந்த மாதிரி யார்டு மண்ணுக்குள்ளதான் படுத்திருக்கு. இதுல கொடும என்னன்னா, அந்த எடமே அசல் தரை இல்ல. தண்ணி ஓரத்துல பல எடம் அப்படித்தான், சாம்பல், உலைக் கசடு, இடிச்ச செங்கல் எல்லாம் கொட்டி மேடாக்குன நெலம். அதாவது படகு யார்டு வர்றதுக்கு முன்னாடியே மண்ணு கெட்டுப்போயிதான் வந்திருக்கு.

யார்ட மூடி கைமாத்தி விடுற வேலை என் தலையில விழுந்தது. நான் கணக்கு பாக்குற ஆளு, மண்ணு படிச்சவன் இல்ல.

மூணு கம்பெனிய கூப்ட்டேன். மொத ரெண்டு பேரும் வந்து ஒரு சுத்து நடந்தாங்க, காலால மண்ண கிளறுனாங்க, "ஒரு மீட்டர் தோண்டி தூக்கிட்டு நல்ல மண்ண போட்ருவோம் சார், ரெண்டு மாசம்"ன்னு சொல்லி அடுத்த நாளே ரேட்டு அனுப்பிட்டாங்க. மூணாவது வந்தவங்க ரேட்டே சொல்லல. பழைய போட்டோ இருக்கா, டேங்க் மாத்துனது எப்போ, மழத் தண்ணி எந்த பக்கம் ஓடும், பழைய ஆளுங்க யாராச்சும் இருக்காங்களா பேசணும்னு கேட்டாங்க. எனக்கு அப்போ எரிச்சலாதான் இருந்தது, ரேட்டு கேட்டா கத கேக்குறாங்களேன்னு. ஆனா ரிட்டயர்டு ஆன வெல்டர் ஒருத்தர கூட்டிட்டு வந்து ஒக்கார வெச்சா, அவரு பாட்டுக்கு "அங்க முன்னாடி ஒரு கால்வா இருந்துச்சு தம்பி, கழுவுன தண்ணி எல்லாம் அதுலதான் விடுவோம், பெறகு மூடிட்டோம்"ன்னு சொல்றாரு. அந்த கால்வா எந்த வரைபடத்துலயும் இல்ல. அந்த ஒரு வார்த்தைதான் பின்னாடி இந்த மொத்த வேலையையும் மாத்துச்சு, மத்த ரெண்டு கம்பெனிக்கு குடுத்திருந்தா அது கடைசி வரைக்கும் யாருக்கும் தெரிஞ்சிருக்காது.

சாம்பிள் எடுத்த டீம பத்தி எவ்ளோ எழுதுனாலும் தகும். மொத்தம் நாலு பேரு, தலைமைக்கு ஒரு மண்ணியல் மேடம். தள்ளுவண்டி சைஸ்ல செயின் சக்கரம் போட்ட ஒரு மெஷினு, இரும்புக் குழாய அடிச்சு எறக்கி உள்ள பிளாஸ்டிக் உறைக்குள்ள மண்ண அப்படியே நீளமா எடுத்துட்டு வருது. அத நெடுக்கா கீறி படுக்க வெச்சா, மேல சாம்பல், அதுக்கு கீழ செங்கல் தூளு, அப்புறம் கறுப்பு சேறு, அதுக்கு கீழ சாம்பல் கலர் களிமண்ணுன்னு எடத்தோட ஜாதகமே தெரியுது. மேடம் எதையும் மோந்து பாக்க மாட்டாங்க, எங்க ஆளு ஒருத்தன் குனிஞ்சதுக்கே சத்தம் போட்டாங்க. டீசல், பெட்ரோல் ஆவிக்கு ஒரு மீட்டர், ஈயம் தாமிரத்துக்கு துப்பாக்கி மாதிரி ஒரு எக்ஸ்ரே கருவி. இந்த துப்பாக்கிய காட்டி "ஸ்பாட்லயே ரிசல்ட் சார்"ன்னு சொல்லி காசு புடுங்குற கம்பெனி நெறைய உண்டு, அதுனால இத கொஞ்சம் விவரமாவே சொல்றேன். ஈர மண்ணுல அந்த கருவி கம்மியா காட்டும், தண்ணி ஓரத்துல ஈரம் இல்லாத மண்ணு எங்க இருக்கு, அதுனால இவங்க மண்ண காய வெச்சு சலிச்சுதான் வெச்சு பாத்தாங்க. அடுத்தது, ஈயமும் ஆர்செனிக்கும் அந்த கருவிக்கு கிட்டத்தட்ட ஒரே எடத்துல கோடு காட்டும், ஈயம் எக்கச்சக்கமா இருந்தா ஆர்செனிக் நெம்பர நம்பவே கூடாது. இத கேக்காமலே அவங்களா சொன்னாங்க. லேபுக்கு எது போகணும்னு முடிவு பண்ண மட்டும் துப்பாக்கி, தீர்ப்பு லேப்ல.

நான் காச மிச்சம் புடிக்கலாம்னு அஞ்சு எடத்து மண்ண ஒண்ணா கலந்து ஒரே சாம்பிளா குடுத்துடலாமான்னு கேட்டேன். மேடம் சிரிச்சுட்டு, "சார், ஒரு எடத்துல மட்டும் அனுமதிச்ச அளவுக்கு நாலு மடங்கு இருக்குன்னு வெச்சுக்கோங்க, நாலு நல்ல மண்ணோட கலந்தா அளவுக்குள்ள வந்துரும், பேப்பர் பாஸு, மண்ணு ஃபெயிலு"ன்னாங்க. டீசல் மாதிரி ஆவியாகிற சமாச்சாரத்துல கலக்குறப்பவே ஒரு பகுதி பறந்துரும், அதுல நெம்பர் இன்னும் அழகா வரும். பாட்டில எல்லாம் ஐஸ் பெட்டியில வெச்சு, யாரு கையில இருந்து யாரு கைக்கு எத்தன மணிக்கு போச்சுன்னு கையெழுத்து போட்ட சீட்டோட அனுப்புனாங்க.

ரிசல்ட் வந்தப்போ ஆச்சரியம். மணலடிக்கிற ஷெட்டுக்கு அடியிலதான் ஈயம் குவிஞ்சு கெடக்கும்னு நெனச்சோம், அங்க மேலாப்புல ஒரு முழத்துக்குள்ளதான் இருந்தது. நெஜமான வில்லன் அந்த மூடுன கால்வா. அதுக்குள்ள பெயிண்ட் தூளும் கறுப்பு சேறும் நெறைஞ்சு, தண்ணி பக்கம் போகப்போக ஆழமா எறங்கி இருந்தது. ஒரு மீட்டர் கணக்கு சொன்ன ரெண்டு கம்பெனியும் இதுக்கு மேலயே நின்னுட்டு காச வாங்கிட்டு போயிருப்பாங்க.

டீசல் கத வேற. டீசல் தண்ணிய விட லேசு, நெலத்தடி தண்ணி மேல மெதக்கும். சாதாரண எடத்துல ஒரே மட்டத்துல தகடு மாதிரி கெடக்கும், ஆனா இங்க ஏத்தம் வத்தத்துக்கு ஏத்த மாதிரி நெலத்தடி தண்ணியும் ஏறி எறங்குது, கூடவே டீசலும் ஏறி எறங்கி, போற வழி எல்லாம் மண்ணுல பூசிட்டே போகுது. அதுனால மெல்லிசா இருக்க வேண்டிய அடுக்கு, ஆளு ஒசரத்துல பாதிக்கு பரவி கெடந்தது. தார் மாதிரி கனமான சமாச்சாரமா இருந்தா இன்னும் மோசம், அது தண்ணிய விட கனம், நேரா கீழ எறங்கி களிமண்ணு மேல போயி குட்டையா நிக்கும், மேல இருந்து பாத்தா தெரியவே தெரியாது. நிலக்கரிய சுட்டு கேஸ் எடுத்த பழைய கம்பெனி இருந்த எடத்துக்கு எல்லாம் இதுதான் தலவலி, எங்களுக்கு நல்ல வேளையா அது இல்ல, பழைய படகுத் துறை கட்டைகள்ல மக்காம இருக்க பூசுன கிரியோசோட்ங்கிற தார் எண்ண மட்டும் கொஞ்சம் கசிஞ்சிருந்தது.

அடுத்து என்ன வைத்தியம்ங்கிற பேச்சு. இங்கயும் ஆபீஸ் டீம் நேர்மையா இருந்தாங்க. மண்ண கழுவுற முறைய நானே நெட்ல பாத்து கேட்டேன், "கழுவுனா அழுக்கு பொடி மண்ணுக்கு போயிரும், மணலும் கல்லும் சுத்தமாகும், உங்க மண்ணுல பாதி பொடியும் களியும்தான், கழுவி முடிச்சா கழுவாத அளவுக்கே சேறு மிஞ்சும்"ன்னு வேணாம்னுட்டாங்க. சூடாக்கி ஆவியா எடுக்குற முறை டீசலுக்கு ஆகும், ஈயத்துக்கு ஆகாது. கடைசியா முடிவானது, டீசல் மண்ண தனியா குவிச்சு கிருமிய வெச்சு திங்க வைக்கிறது, ஈய மண்ணுல மோசமானத தூக்கி அதுக்குன்னு இருக்குற குப்பக் குழிக்கு அனுப்புறது, நடுத்தரமானத சிமெண்ட் கலந்து கட்டி போட்டு அங்கயே மேல மூடி போட்டு வெச்சுடுறது.

சிமெண்ட் கலந்து பூட்டுறது ஏமாத்து வேலையோன்னு எனக்கு சந்தேகம் இருந்தது. ஆனா கனடாவுல நோவா ஸ்கோஷியாவுல சிட்னி தார் குட்டைன்னு ஒண்ணு, ஸ்டீல் ஆலையும் நிலக்கரிய கோக் கரியாக்குற அடுப்பும் விட்ட கழிவு, ஏழு லட்சம் டன்னு சேறு, மொதல்ல எரிச்சு பாக்கலாம்னு எறங்கி அது தோத்துப்போயி, கடைசியில சிமெண்ட் கலந்து கெட்டியாக்கி மேல மூடிதான் முடிச்சாங்க, 2013ல அதுக்கு மேல பார்க்கே தொறந்துட்டாங்க. ஆக முறை நல்ல முறைதான், கலக்குறவன் கையில இருக்கு. ஈயத்துக்கு பாஸ்பேட் போட்டா கரையாத உப்பா மாறி சூப்பரா கட்டுப்படும், ஆனா அதே மண்ணுல ஆர்செனிக் இருந்தா பாஸ்பேட் அத வெளிய தள்ளி விட்ரும். சிமெண்ட்டும் சுண்ணாம்பும் கூடிப்போனா ஈயமே திரும்ப கரைய ஆரம்பிக்கும். அதுனால மொதல்ல பக்கெட்ல சின்னதா நாலு விகிதத்துல கலந்து பாத்தாங்க, ஒவ்வொண்ணையும் லேப்ல புளிப்புத் தண்ணியில பதினெட்டு மணி நேரம் சுத்த விட்டு எவ்ளோ ஈயம் கரையுதுன்னு பாத்துட்டுதான் விகிதம் முடிவு பண்ணுனாங்க. இந்த பக்கெட் டெஸ்ட் கோட்டேஷன்ல இல்லன்னா அந்த கம்பெனிய திருப்பி அனுப்பிடுங்க, ரொம்ப யோசிக்காதீங்க.

சரி, இது வரைக்கும் புகழ்ந்தாச்சு. இனிமே தோண்டுன கத.

தண்ணி பக்கம் இரும்பு பலகைய வரிசையா அடிச்சு, களிமண்ணுக்குள்ள கால் ஊன வெச்சு, உள்ள தண்ணிய எறைச்சுட்டுதான் தோண்டணும். பலகை வேலை சுத்தமா பண்ணுனாங்க, பொக்லைன் ஓட்டுனவரு கை சும்மா சொல்லக்கூடாது, மேடம் சுண்ணாம்புல கோடு போட்ட எடத்துல கரெக்டா வெட்டி நிறுத்துவாரு. எறைச்ச தண்ணிய அப்படியே திரும்ப விட முடியாது, எண்ண பிரிக்கிற தொட்டி, படிய விடுற தொட்டி, மணல் வடிகட்டி, கடைசியா கார்பன் டிரம்மு. இங்கதான் தண்ணி டீம் மொத கோட்டை விட்டாங்க. சேத்துக்கு அடியில காத்து படாம கெடந்த தண்ணியில இரும்பு கரைஞ்சிருக்கும், வெளிய வந்து காத்து பட்ட ஒடனே ஆரஞ்சு கலர் துருவா பிரியும். மொதல்லயே காத்து அடிச்சு அத படிய வெச்சு எடுத்திருக்கணும். பண்ணல. மூணே நாள்ல கார்பன் டிரம்மு துரு சேத்தால அடைச்சுக்கிச்சு, பம்ப் நின்னுச்சு, அன்னைக்குன்னு பாத்து அமாவாசை ஏத்தம், பலகை இடுக்கு வழியா வர்ற தண்ணியே குழிய முக்கால் நெறைச்சுருச்சு. நாலு நாள் வேலை நின்னு போச்சு, பொக்லைன் வாடகை மட்டும் ஓடுது. கேட்டா "எதிர்பாராத கள நெலம சார்"ன்னு ஒரு லெட்டர். அமாவாசை எப்படிய்யா எதிர்பாராதது? ஏத்த அட்டவணை வருஷத்துக்கே மொத்தமா அச்சடிச்சு வருது.

அத விட பெரிய கூத்து கறுப்பு சேறு. கால்வாய்க்கு அடியில தோண்டி எடுத்த சேத்துல ஈயம் அளவுக்குள்ளதான் இருந்தது, அதுனால நல்ல மண்ணு கணக்குல ஒரு மூலையில குவிச்சு வெச்சாங்க, பின்னாடி குழிய மூட ஆகும்னு. தார்ப்பாய் கூட போடல. ரெண்டு மூணு வாரத்துல அந்த குவியல் மேல வைக்கோல் கலர்ல மஞ்ச மஞ்சளா திட்டு வந்தது. நான் ஏதோ பூஞ்சைன்னு நெனச்சேன். சாம்பிள் மேடம் வேற வேலையா வந்தவங்க அத பாத்துட்டு மொகமே மாறிப்போச்சு. தண்ணிக்கு அடியில இருக்குற சேத்துல கந்தகமும் இரும்பும் சேந்து சல்பைடா கெடக்கும், அடியில இருக்குற வரைக்கும் ஒரு தொல்லையும் இல்ல, வெளிய எடுத்து காத்து பட்டா அது கந்தக அமிலமா மாற ஆரம்பிச்சுரும். குவியல்ல இருந்து வடிஞ்ச தண்ணியில பேப்பர் வெச்சு பாத்தா pH நாலுக்கும் கீழ, இந்த நெம்பர் எறங்க எறங்க அமிலம் கூடுதுன்னு அர்த்தம். அந்த அமிலம் என்ன பண்ணும்? மண்ணுல சும்மா ஒட்டிட்டு இருந்த ஈயம், தாமிரம் எல்லாத்தையும் கரைச்சு கூட்டிட்டு போகும். அதாவது பாஸான மண்ணு, வெளிய வெச்சதுனாலேயே ஃபெயில் ஆயிருச்சு.

இதுக்கு ஸ்பாட்லயே ஒரு சோதனை இருக்கு, கொஞ்சூண்டு சேத்துல ஹைட்ரஜன் பெராக்சைடு ஊத்துனா பொங்கிட்டு pH சர்ருன்னு எறங்கும், கால் மணி நேர வேலை. சிப்பி ஓடு நெறைய கலந்த சேறா இருந்தா அதுவே சுண்ணாம்பு மாதிரி சமாளிச்சுக்கும், எங்களோடதுல அது பத்தல. கடைசியில மொத்த குவியலுக்கும் சுண்ணாம்புக்கல் பொடி கலந்து, அடியில ஷீட் போட்டு, வடிஞ்ச தண்ணிய புடிச்சு, திரும்ப டெஸ்ட் பண்ணி, இதுலயே ஒரு மாசம் போச்சு. சுண்ணாம்பு செலவ யாரு தலையில கட்டுறதுன்னு சண்ட. நான் சொன்னேன், உங்க மேடம் எழுதுன மொத ரிப்போர்ட்லயே "சல்பைடு சேறு, வெளிய வைக்கக் கூடாது"ன்னு ஒரு வரி இருக்கு, உங்க ஆளுங்களே படிக்கலன்னா நான் என்ன பண்றதுன்னு. பாதிய ஏத்துக்கிட்டாங்க. நாலு டீமுன்னு மொதல்ல சொன்னேன்ல, அதுக்கு இதுதான் சாட்சி, ஒருத்தர் எழுதுனத ஒருத்தர் படிக்கிறது இல்ல.

காசு விஷயத்துல இன்னொரு உஷார். தோண்டுன மண்ணு உப்பும், குழியில இருக்குற கன அளவும் லாரியில ஏறுற கன அளவும் ஒண்ணு இல்ல, கால்வாசி கூட ஏறலாம். எடைக்கு காசுன்னா வேற மாதிரி வலி, ஈரச் சேறுன்னா நாம தண்ணிக்கு காசு குடுக்குறோம். காண்ட்ராக்ட்ல எந்த அளவுன்னு தெளிவா எழுதலன்னா சண்டதான். நாங்க எடைக்குன்னு போட்டோம், கூடவே ரெண்டு நாள் வடிய வெச்சுட்டுதான் ஏத்தணும்னு ஒரு வரி சேத்தோம், அந்த ஒரு வரியில மிச்சமான காசு சாம்பிள் செலவுல பெரும்பகுதிய ஈடுகட்டுச்சு. லாரிக்கு தார்ப்பாய், வெளிய போற எடத்துல சக்கரம் கழுவுறது, தூசி மீட்டர் இதெல்லாம் ஒழுங்கா நடந்தது, கொற சொல்ல ஒண்ணும் இல்ல.

டீசல் குவியல் வேலை எனக்கு ரொம்ப புடிச்சது. ஆளு ஒசரத்துக்கு மண்ண குவிச்சு, அடியில ஓட்ட போட்ட குழாய் வழியா காத்து ஓட விட்டு, மேல ஷீட் போட்டு மூடி, வயலுக்கு போடுற மாதிரி தழைச்சத்து மணிச்சத்து போட்டு விட்டாங்க. கிருமிய வெளிய இருந்து வாங்கிட்டு வரல, அந்த மண்ணுலயே இருக்குதாம், காத்தும் சாப்பாடும் ஈரமும் பத்தாம தூங்கிட்டு இருக்குதாம். பாட்டில்ல கிருமின்னு விக்கிறவங்கள பத்தி மேடம் கிட்ட கேட்டப்போ உதட்ட பிதுக்குனாங்க, அவ்ளோதான் பதிலு. அஞ்சு மாசத்துல டீசல் அளவு கீழ வந்துருச்சு, மண்ணு நெறமே மாறுச்சு. கிரியோசோட் பட்ட மண்ணு மட்டும் மசியல, அதுல இருக்குற பெரிய பெரிய மூலக்கூற கிருமி சுலபத்துல தொடாது, அத தனியா பிரிச்சு வெளிய அனுப்பியாச்சு.

குழி முடிஞ்சதும் அடியிலயும் நாலு சுவத்துலயும் திரும்ப சாம்பிள் எடுத்தாங்க, லேப் ஓகே சொல்ற வரைக்கும் மூட விடல. மூடுறதுக்கு வர்ற நல்ல மண்ணையும் டெஸ்ட் பண்ணணும், மொத லோடுல செங்கல் தூளு பாத்து திருப்பி அனுப்புனோம். சிமெண்ட் போட்டு பூட்டுன எடத்துக்கு மேல ஆரஞ்சு கலர் பிளாஸ்டிக் வல விரிச்சு அதுக்கு மேல நல்ல மண்ணு. நாளைக்கு எவனாச்சும் பைப் போட தோண்டுனா ஆரஞ்சு தெரிஞ்ச ஒடனே நிறுத்தணும். இந்த மூடுற வேலைய போட்டோவோட, ஆழ அளவோட ரிப்போர்ட்ல வாங்கிக்கோங்க, வாய்ச்சொல்லு ஆகாது. டோக்கியோவுல டொயோசு மீன் மார்க்கெட் கட்டுனது பழைய கேஸ் ஆலை இருந்த எடத்துல, மண்ண மாத்தி நல்ல மண்ணு போட்டு மூடிட்டோம்னு சொன்னாங்க, 2016ல பாத்தா முக்கியமான கட்டடங்களுக்கு அடியில அந்த நல்ல மண்ணே போடல, வெறும் காலி எடம், தண்ணி தேங்கி நிக்குது. 2017 ஜனவரியில நெலத்தடி தண்ணியில பென்சீன்ங்கிற நச்சு அனுமதிச்ச அளவுக்கு 79 மடங்குன்னு வந்தது. 2016 நவம்பர்ல தொறக்க வேண்டிய மார்க்கெட்டு 2018 அக்டோபர்லதான் தொறந்தாங்க. அவ்ளோ பெரிய ஊர்லயே அந்த கதின்னா ஒரு ஏக்கர் யார்டுல யாரு வந்து எட்டி பாக்க போறாங்க, நாமதான் பாக்கணும்.

காண்ட்ராக்ட்ல இல்லாதது ஒண்ணு, இரும்பு பலகைக்கு அந்தப் பக்கம், தண்ணிக்கு அடியில கெடக்குற சேறு. அங்கயும் பெயிண்ட் தூளு இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். எங்க எல்லை பலகையோட முடியுது, அதுக்கு அனுமதி வேற, செலவு வேற. இது கம்பெனி தப்பு இல்ல, ஆனா வேலை முடிஞ்சதுன்னு போட்டோ எடுக்குறப்போ எனக்கு அது உறுத்துச்சு. சியாட்டில்ல கேஸ் ஒர்க்ஸ் பார்க்குன்னு ஏரி ஓரத்துல ஒண்ணு இருக்கு, 1956ல மூடுன கேஸ் ஆலைய 1975ல பார்க்கா தொறந்தாங்க, 1984ல மண்ணு டெஸ்டுக்காக கொஞ்ச காலம் மூடி வெச்சு திரும்ப தொறந்தாங்க, கரைக்கு அந்தப் பக்கம் ஏரி அடிச் சேத்துக்கான வேலை இத்தன வருஷம் கழிச்சும் இழுத்துட்டு கெடக்கு. ஜப்பான்ல மினமாட்டா வளைகுடாவுல பாதரசச் சேத்த எடுத்து அடைச்சு மூட 1977ல ஆரம்பிச்சு 1990 ஆச்சு, பதினஞ்சு லட்சம் கன மீட்டர். அந்த பக்கத்த தொட்டா என்ன ஆகும்னு தெரிஞ்சுதான் எல்லாரும் பலகையோட நிறுத்திக்கிறாங்க போல.

இனி தண்ணி டீமுக்கு ஏன் ரெண்டே மார்க்குன்னு முடிச்சுடுறேன். வேலை முடிஞ்சு நாலு கண்காணிப்பு கிணறு போட்டு விட்டாங்க, மூணு மாசத்துக்கு ஒரு தடவ தண்ணி எடுத்து ரெண்டு வருஷம் டெஸ்ட் பண்ணணும். தோண்டி முடிச்ச ஒடனே தண்ணி சுத்தமாதான் காட்டும், கொஞ்ச நாள் கழிச்சு இடுக்குல ஒட்டி இருக்குறது மெல்ல கரைஞ்சு வந்து அளவு திரும்ப ஏறுறது சகஜம், அதுக்குதான் ரெண்டு வருஷம். மொத ரவுண்டு ரிசல்ட் பளிச்சுன்னு வந்தது, எல்லாம் அளவுக்குள்ள. நானும் சந்தோஷத்துல கையெழுத்து போட போனேன், அப்புறம் சும்மா சீட்டுல நேரத்த பாத்தேன், காலைல பதினொன்ற. ஏத்த அட்டவணைய எடுத்து வெச்சு பாத்தா அன்னைக்கு உச்ச ஏத்தம் பதினொன்னே கால். உச்ச ஏத்தத்துல என்ன நடக்கும், வெளித் தண்ணி நெலத்துக்குள்ள தள்ளிட்டு வந்து கிணத்துல கலந்து கெடக்கும், அப்போ எடுத்தா நாம டெஸ்ட் பண்றது ஆத்துத் தண்ணிய. வத்தத்துலதான் எடுக்கணும், அப்போதான் நெலத்துல இருந்து வெளிய வடியிற தண்ணி கெடைக்கும். சீட்டுல உப்புக்கான நெம்பரும் இருந்தது, நாலு கிணத்துலயும் கிட்டத்தட்ட வெளித் தண்ணி அளவுதான். தெரியாம பண்ணுனாங்களா, ஆளு வர்ற வசதிக்கு பண்ணுனாங்களான்னு நான் கேக்கல. போன்ல பேசுன தம்பி "ஷெட்யூல் ஆபீஸ்ல போடுறாங்க சார்"ன்னாரு.

மேடத்துக்கு ஒரு மெயில் போட்டேன். ஒரே நாள்ல பதில் வந்தது, திரும்ப எடுத்துத் தர்றோம், காசு வேணாம்னு. வத்தத்துல எடுத்தப்போ மூணு கிணறு அப்பவும் அளவுக்குள்ள, கால்வா பக்கத்து மூணாம் நம்பர்ல மட்டும் தாமிரம் லேசா மேல நிக்குது. ரெண்டு வருஷம் முடியிறப்போ அது எறங்கியிருந்தா இங்க வந்து நாலுன்னு மாத்தி விடுறேன். அடுத்த ரவுண்டு வர்ற பதினாலாந்தேதி, வத்தம் விடியக்காலம் அஞ்சே கால், கிணத்து மூடி சாவி இப்போ என்கிட்டதான் இருக்கு, தொறந்து விட நானே போறேன்.